ஜி.எம். நினைவுக்கு

புத்தகங்களின் சமர்ப்பணப் பக்கத்தை நான் பெரும்பாலும் படிப்பதில்லை. மனைவிக்கு, தாய்க்கு, பொறுமை காத்த நாய்க்கு என்று ஏதாவது இருக்கும். அது அவர்கள் வீட்டு விஷயம். சைமன் வின்செஸ்டரின் 'தி சர்ஜன் ஆஃப் குரோதார்ன்' நூலை முதன்முறை படித்தபோதும் 'ஜி.எம். நினைவுக்கு' என்ற வரியைக் கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். கடைசி அத்தியாயத்துக்கு வந்த பிறகுதான் அந்த இரண்டு எழுத்துகளும் யாரென்று உறைத்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அந்த வரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

1998-ல் வெளிவந்த அந்த நூல் சொல்லும் கதை இப்போது பலருக்குத் தெரியும். ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி உருவாகிக்கொண்டிருந்த காலம். பழைய நூல்களைப் படித்து, ஒவ்வொரு சொல்லும் எங்கே எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று சீட்டில் எழுதி அனுப்பும்படி அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கில் அனுப்பியவர்களில் ஒருவர் வில்லியம் செஸ்டர் மைனர். இலங்கையில் பிறந்த அமெரிக்கர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணிபுரிந்த ராணுவ மருத்துவர். அவருடைய சீட்டுகள் வந்த இடம் பிராட்மூர்: குற்றம் புரிந்த மனநோயாளிகளை அடைத்துவைக்கும் மருத்துவமனை.

இப்படி ஒரு மனிதர் கிடைத்தால் எந்த எழுத்தாளருக்கும் கை அரிக்கும். வின்செஸ்டருக்கும் அரித்திருக்கிறது. மைனரை அங்கே வேலை பார்க்கும் மருத்துவர் என்று நினைத்துக்கொண்டு மரே சந்திக்கப் போகிறார். பெரிய கட்டடம், புத்தகங்கள் நிறைந்த அறை. வணக்கம் சொல்லிக் கை நீட்டுகிறார். 'நீங்கள் தேடிவந்தவர் இங்குள்ள கைதி' என்று பதில் வருகிறது. நூலின் வாசலிலேயே இந்தக் காட்சியை விரித்து வைத்துவிட்டு, பல பக்கங்கள் கழித்து, இது பின்னாளில் ஒரு பத்திரிகையாளர் கட்டிவிட்ட கதை, இப்படி எதுவும் நடக்கவில்லை என்று சொல்லிவிடுகிறார். இனிப்பைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும் வேலை. எனக்கு இதில் கொஞ்சம் கோபம் உண்டு. ஆனால் அந்தச் சமர்ப்பண வரிக்காக அவரை மன்னித்துவிடுகிறேன்.

ஜி.எம். என்பது ஜார்ஜ் மெர்ரெட். லண்டனில் லாம்பெத் பகுதியிலிருந்த பீர் ஆலையொன்றில் கொதிகலனுக்கு நிலக்கரி அள்ளிப்போடும் தொழிலாளி. 1872 பிப்ரவரியில், விடிவதற்கு முன்னால் வேலைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தவரை, தன் அறைக்குள் புகுந்தவன் இவன்தான் என்ற மனப்பிரமையில் மைனர் துரத்திச் சுட்டுக் கொன்றார். மெர்ரெட்டுக்கு ஆறு குழந்தைகள். மனைவி எலைசா அப்போது மீண்டும் கர்ப்பமாக இருந்தார். அந்தக் கொலை நடந்திருக்காவிட்டால் மைனர் பிராட்மூருக்கு வந்திருக்க மாட்டார். அந்தச் சீட்டுகளும் வந்திருக்காது. அகராதிக்கு ஒரு நிலக்கரித் தொழிலாளி கொடுத்த விலையை யாரும் எந்தச் சொல்லுக்குக் கீழும் குறித்துவைக்கவில்லை. அவருடைய கல்லறைக்கு அடையாளக் கல்கூட இல்லை என்று முடிக்கிறார் வின்செஸ்டர்.

அதிகம் அறியப்படாத மனிதர்களின் வாழ்க்கை வரலாறுகளை நான் தேடித்தேடிப் படிப்பவன். அவற்றில் ஒரு விஷயத்தை எதிர்பார்க்கும் பழக்கம் இந்த நூலிலிருந்து எனக்குத் தொற்றியது. நாயகனுக்குப் பின்னால், அவனைவிடவும் இருட்டில், இன்னொருவர் நின்றுகொண்டிருப்பார். நூலாசிரியருக்கு அவர் கண்ணில் பட்டிருக்கிறதா? பட்டிருந்தால் என்ன செய்தார்? பட்டும் படாததுபோல் நகர்ந்துவிட்ட நூல்கள் எத்தனை சுவையாக இருந்தாலும் எனக்கு இரண்டாம் தரம்தான்.

கார்லோ கின்ஸ்புர்க் 1976-ல் இத்தாலிய மொழியில் வெளியிட்ட நூலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'தி சீஸ் அண்ட் தி வார்ம்ஸ்'. பதினாறாம் நூற்றாண்டில் வட இத்தாலியின் ஃபிரியூலி பகுதியில் வாழ்ந்த மாவு ஆலைக்காரர் டொமினிகோ ஸ்கண்டெல்லாவின் கதை. ஊரார் அழைத்த பெயர் மெனோக்கியோ. எழுதப் படிக்கத் தெரிந்தவர். அகப்பட்ட புத்தகங்களை இரவல் வாங்கிப் படித்தவர். படித்ததைத் தன் தலைக்குள் போட்டு அரைத்து, உலகம் எப்படித் தோன்றியது என்று தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டார். ஆதியில் எல்லாம் குழம்பிக் கிடந்தது. பால் திரைந்து பாலாடைக்கட்டி ஆவதுபோல் அது திரண்டது. கட்டியில் புழு தோன்றுவதுபோல் அதிலிருந்து தேவதூதர்கள் தோன்றினார்கள். இதை மனத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தால் கிழவராகி நிம்மதியாகச் செத்திருப்பார். அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை. திருச்சபையின் விசாரணை மன்றம் அவரை முதலில் 1584-ல் விசாரித்தது. சிறையிலிருந்து வெளியே விட்ட பிறகும் பேச்சை நிறுத்தவில்லை. 1599-ல் மறுபடியும் விசாரணை. முடிவில் மரண தண்டனை.

இதையெல்லாம் நாம் அறிவது எப்படி? அவரைக் கொன்றவர்கள் எழுதிவைத்ததால். விசாரணை மன்றத்து எழுத்தர் கேள்வியையும் பதிலையும் விடாமல் குறித்திருக்கிறார். ஒரு மன்னனோ போப்போ என் பேச்சைக் கேட்கத் தயாராக இருந்தால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, சொன்ன பிறகு என்னைக் கொன்றாலும் கவலையில்லை என்று மெனோக்கியோ ஓரிடத்தில் சொல்கிறார். அவர் விரும்பியபடி காது கொடுத்துக் கேட்டவர்கள் அந்த நீதிபதிகள்தான். எளிய மனிதர்கள் காகிதத்துக்குள் வருவது பெரும்பாலும் இப்படித்தான். நீதிமன்றம், காவல் துறை, மருத்துவமனை, வரி வசூல். துன்பம் வந்தால்தான் பெயர் ஏட்டில் ஏறுகிறது. நிம்மதியாக வாழ்ந்தவர்களுக்கு ஆவணம் இல்லை.

கின்ஸ்புர்க் நூலை முடிக்கும் விதம்தான் என்னை அசைத்தது. மெனோக்கியோவைப் போலவே அதே பகுதியில் மார்க்காத்தோ அல்லது மார்க்கோ என்ற ஒருவர் இருந்ததாக ஒரு தகவல். உடல் சாகும்போது ஆன்மாவும் சாகிறது என்று சொல்லித் திரிந்தவர். மெனோக்கியோவைப் பற்றி நமக்கு நிறையத் தெரியும். இவரைப் பற்றியும் இவரைப் போன்ற எத்தனையோ பேரைப் பற்றியும் எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டு அங்கேயே பேனாவை வைத்துவிடுகிறார். பெயர்கூட ஒன்றா இரண்டா என்று உறுதியில்லாத மனிதர். அவருக்குக் கடைசி வரி.

ஆவணமே இல்லாதவரின் வாழ்க்கையை எழுத முடியுமா என்று ஒருவர் முயன்றும் பார்த்திருக்கிறார். பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கோர்பன். 1998-ல் வந்த அவருடைய நூலின் நாயகன் லூயி ஃபிரான்சுவா பினகோ. ஒரு காட்டின் ஓரத்தில் மரக்காலணி செதுக்கி 1798 முதல் 1876 வரை வாழ்ந்தவர். எந்தச் சாதனையும் இல்லை, எந்தக் குற்றமும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாது. கோர்பன் அவரைத் தேர்ந்தெடுத்த முறை ஒரு விதத்தில் குலுக்கல் சீட்டு: ஆவணக் காப்பகத்தில் கண்போன போக்கில் ஓர் ஊரின் ஏட்டை எடுத்து, அதில் கை போன இடத்துப் பெயரைப் பிடித்திருக்கிறார். பினகோ பேசிய ஒரு சொல்கூட மிஞ்சவில்லை. பெயருக்குப் பதிலாக அவர் இட்ட சிலுவைக் குறி மிஞ்சியிருக்கிறது. அவர் எந்த ஒலிகளைக் கேட்டிருப்பார், எந்தப் பாதையில் நடந்திருப்பார், எந்தப் போரின் செய்தி அவரை எட்டியிருக்கும் என்று சுற்றிலும் உள்ளதை எழுதி எழுதி, நடுவில் ஒரு மனித அளவுக்கு வெற்றிடம் விடுகிறார் கோர்பன். உண்மையைச் சொன்னால் இது அலுப்பூட்டும் நூல். பாதியில் இருமுறை மூடி வைத்தேன். ஆனால் ஒரு தகவல் மறக்கவில்லை. குலுக்கலில் முதலில் வந்தவை இரண்டு பெயர்கள். மற்றவர் இளம் வயதில் இறந்துவிட்டதால் நூலுக்கு ஆகமாட்டார் என்று தள்ளப்பட்டார். அறியப்படாதவர்களின் வரிசையில் நிற்பதற்கும் குறைந்தபட்ச ஆயுள் தேவைப்படுகிறது.

எனக்கு இந்த வகையில் மிகவும் பிடித்த நூல் ஒன்றே ஒன்றைச் சொல் என்றால் யோசிக்காமல் லாரல் தாட்சர் உல்ரிக்கின் 'எ மிட்வைஃப்ஸ் டேல்' என்பேன். 1990-ல் வந்தது, மறு ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. மார்த்தா பல்லார்ட் என்ற மருத்துவச்சி, அமெரிக்காவின் மெய்ன் பகுதியில் கென்னபெக் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர். 1785 முதல் 1812 வரை, இருபத்தேழு ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். இறகுப் பேனா. மையும் அவரே காய்ச்சிக்கொண்டது. அந்த ஆண்டுகளில் 816 பிரசவங்கள் பார்த்திருக்கிறார். கோடையில் படகில் ஆற்றைக் கடந்தார், பனிக்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் நடந்து கடந்தார்.

ஆனால் நாட்குறிப்பைத் திறந்தால் அதில் சாகசம் எதுவும் இல்லை. இன்று வானம் தெளிவு. இன்னார் வீட்டுக்கு அழைத்தார்கள். இன்ன மணிக்குப் பெண் குழந்தை. கூலி வந்தது. வீட்டில் மகள்கள் நெய்தார்கள். மறுநாள் மழை. இப்படியே பக்கம் பக்கமாகப் போகிறது. உல்ரிக்குக்கு முன்னால் அதைப் புரட்டிய வரலாற்றாசிரியர்கள் அற்ப விஷயங்கள் என்று ஒதுக்கிவிட்டுப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நானும் அப்படித்தான் செய்திருப்பேன். உல்ரிக் அந்த அலுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும் நாட்குறிப்பின் சில நாட்களை எழுத்துப் பிழைகளோடு அப்படியே தருகிறார். படித்தால் நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. பிறகு அவர் விளக்கத் தொடங்குகிறார். அதே வரிகளுக்குத் திரும்பும்போது யார் யாருக்குக் கடன்பட்டிருந்தார்கள், எந்தத் திருமணத்துக்கு முன்பே குழந்தை வந்தது, எந்த மருத்துவர் தேவையில்லாமல் குறுக்கே வந்தார் என்று ஓர் ஊரே எழுந்து நடமாடுகிறது. இதை அவர் எப்படிச் செய்கிறார் என்று இரண்டு முறை படித்தும் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஒரு தாளைத் தண்ணீரில் நனைத்து எழுத்தை வரவழைப்பது போலிருக்கிறது.

இந்த நூலிலும் இருட்டில் நிற்பவர் உண்டு. ரெபெக்கா ஃபாஸ்டர், பாதிரியாரின் மனைவி. ஊரின் பெரிய மனிதரான ஒரு நீதிபதி தன்னை வன்புணர்வு செய்ததாக 1789-ல் குற்றம் சாட்டினார். மார்த்தாவிடம் முன்பே சொல்லியிருக்கிறார். மார்த்தா நீதிமன்றம் வரை போய்ச் சாட்சி சொன்னார். நீதிபதி விடுதலையானார். ஃபாஸ்டர் குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. முன்பு அந்த நாட்குறிப்பைச் சுருக்கி அச்சிட்டவர்கள் இந்தப் பகுதியைத் தொடவில்லை. வானிலையை விட்டுவைத்தார்கள், இதை நீக்கிவிட்டார்கள். எது அற்பம் என்பதைத் தீர்மானிப்பவர்கள் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா?

உல்ரிக்கை அவர் நூல்களைப் படிக்காதவர்களுக்கும் தெரியும். ஒழுங்காக நடந்துகொள்ளும் பெண்கள் வரலாற்றில் இடம்பெறுவது அரிது என்று 1976-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் எழுதியவர் அவர்தான். அந்த வாக்கியம் இன்று பனியன்களிலும் கோப்பைகளிலும் ஊர் சுற்றுகிறது, பெண்களே ஒழுங்கை மீறுங்கள் என்ற அறைகூவலாக. அவர் எழுதியதோ ஒழுங்காக வாழ்ந்து, பக்தியோடு இறந்து, வரலாற்றாசிரியர்களின் கண்ணில் படாமல் போன பெண்களைப் பற்றி. அவர்களைத் தேட வேண்டும் என்பதற்காக. தன் வாக்கியமே தன்னைவிட்டு ஓடிப்போய் வேறு வாழ்க்கை வாழ்வதைப் பார்ப்பது ஒரு வாழ்க்கை வரலாற்றாசிரியருக்கு விசித்திரமான அனுபவமாகத்தான் இருந்திருக்கும்.

மார்த்தா 1812-ல் இறந்தபோது உள்ளூர்ச் செய்தித்தாளில் ஒரே ஒரு வாக்கியம் வந்தது. திரு. எஃப்ரைம் பல்லார்டின் துணைவி திருமதி மார்த்தா காலமானார், வயது 77. மருத்துவச்சி என்ற சொல் இல்லை. அந்த வாக்கியத்தைப் படித்தவர்களில் எத்தனை பேரை உலகுக்கு இழுத்துவந்தவர் அவர் என்பதும் இல்லை.

இங்கே எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் வரும். 'அறியப்படாதவர்' என்கிறோமே, யாருக்கு? அந்த ஆற்றங்கரையில் மார்த்தாவைத் தெரியாத வீடு இருந்திருக்காது. 'உலகம் மறந்த', 'யாரும் சொல்லாத' என்றெல்லாம் அட்டையில் போடுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. அதைவிட மோசம், அந்த மனிதர் எதையாவது 'மாற்றியமைத்தார்' என்று நிறுவியே தீர வேண்டும் என்ற அவசரம். கடலில் தீர்க்கரேகையைக் கணிக்கும் கடிகாரத்தைச் செய்த தச்சர் ஜான் ஹாரிசனைப் பற்றி டாவா சோபல் 1995-ல் எழுதிய 'லாஞ்சிட்யூட்' ஒரே மூச்சில் படிக்கவைக்கும் நூல்தான். ஆனால் ஒரு தச்சரை உயர்த்திக் காட்ட ஒரு வானியலாளர் வில்லனாக வேண்டியிருந்தது. நெவில் மாஸ்கலின் அத்தனை கெட்டவர் அல்லர் என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இன்றும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் இந்தக் கலையின் முன்னோடி உ.வே. சாமிநாதையர் என்று நான் சொன்னால் சிலர் புருவத்தை உயர்த்தக்கூடும். அவரை ஏடு தேடியவராக மட்டும் நினைத்துப் பழகியிருக்கிறோம். தன் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை அவர் 1933, 1934 ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் இறந்தது 1876-ல். ஐம்பத்தேழு ஆண்டுகள் மனத்தில் சுமந்துகொண்டிருந்து எழுதியது. வாழ்ந்த காலத்தில் தமிழ்ப் புலமையின் சிகரமாகக் கொண்டாடப்பட்டவர் பிள்ளை. இன்று அவருடைய தலபுராணங்களைத் திறப்பவர்கள் அரிது. பெயரைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது மாணவரின் உரைநடை. கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் என்று இசைக்கலைஞர்களையும் சாமிநாதையர் இப்படி எழுதிவைத்தார்.

அன்பினால் எழுதப்படும் வரலாற்றுக்கு ஒரு நோய் உண்டு, குறைகளைப் பூசி மெழுகுவது. சாமிநாதையருக்கும் ஆசிரியர் மேல் அளவுகடந்த பக்தி. ஆனாலும் பிள்ளையின் கடன், பணமுடை, நந்தனார் சரித்திரத்தில் இலக்கணப் பிழை இருக்கிறது என்று கோபாலகிருஷ்ண பாரதியாருக்கு, நூலைப் பாராட்டிப் பாடும் சிறப்புப்பாயிரத்தைத் தராமல் அலையவைத்த பிடிவாதம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார். பாரதியார் பாடக் கேட்டு அந்தப் பிடிவாதம் கரைந்ததையும் சொல்கிறார்.

பிள்ளையின் கடைசி நேரத்தைச் சொல்லும் பகுதியில் நம் பார்வை இயல்பாகவே திருவாசகத்தின் அடைக்கலப்பத்தைப் படிக்கும் இளம் சாமிநாதையர் மீது போகும். அந்த நேரத்தில் ஆசிரியரின் உடலைத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை என்ற மாணவர். கிறித்தவர். சைவத் தலபுராணங்கள் பாடிய ஆசிரியரை நிழல்போல் உடனிருந்து கவனித்துக்கொண்டவர். அவருக்கென்று தனி வரலாறு எதுவும் நான் பார்த்ததில்லை. சாமிநாதையர் எழுதியதில் அவர் வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வைத்திருக்கிறேன்.

ரெபெக்கா ஸ்க்லூட்டின் 'தி இம்மார்ட்டல் லைஃப் ஆஃப் ஹென்ரியெட்டா லாக்ஸ்' நூலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பலரும் எழுதியாகிவிட்டது. 1951-ல் முப்பத்தொரு வயதில் புற்றுநோயால் இறந்த ஹென்ரியெட்டா லாக்ஸ். அவருக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட உயிரணுக்கள். உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் ஹீலா என்ற பெயரில் அவை இன்றும் பெருகிக்கொண்டிருக்கின்றன. இருபது ஆண்டுகளுக்கு மேல் குடும்பத்துக்கே விஷயம் தெரியாது. 2010-ல் நூல் வந்த பிறகு, அதுவரை கல்லே இல்லாதிருந்த கல்லறைக்கு ஒரு மருத்துவர் கல் வைத்தார். அது புத்தக வடிவில் இருக்கிறது. ஆனால் எனக்கு அந்த நூலில் ஆறாமல் நிற்பது மூத்த மகள் எல்சியின் பகுதி. மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு 1955-ல், பதினைந்து வயதில் இறந்த பெண். பழைய பதிவேடுகள் பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிட்ட அந்த இடத்தில், ஸ்க்லூட்டும் எல்சியின் தங்கை டெபோராவும் போய்த் தேடுகிறார்கள். ஒரு பிரேதப் பரிசோதனை அறிக்கை கிடைக்கிறது. அதோடு ஒரு புகைப்படம். அந்தப் பக்கத்தில் நான் எதையும் கோடிடவில்லை.

இவற்றையெல்லாம் படித்த தைரியத்தில் என் பெரியம்மாவைப் பற்றி எழுதலாம் என்று ஒருமுறை உட்கார்ந்தேன். திருமணம் செய்துகொள்ளாமல் தனியாக வாழ்ந்து, அதிகம் பேசாமல் போய்ச் சேர்ந்தவர். மிஞ்சியிருந்தவை இரண்டு புகைப்படங்களும் ஒன்பது ஆண்டுகளின் வரவு செலவு நோட்டுகளும். கூட்டல் சரியாக இருக்கிறது, வேறொன்றும் இல்லை என்று மூடிவிட்டேன். மார்த்தா பல்லார்டைப் படித்த பிறகு மறுபடியும் எடுத்து, ஒவ்வொரு வரியாக வேறொரு தாளில் பிரித்து எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. ஒரே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் 'தபால் தலை, 1' என்று ஒரு செலவு. ஏழாவது ஆண்டின் நடுவில் அது நின்றுவிடுகிறது.

அம்மாவிடம் கேட்டேன். "அக்கா யாருக்கும் கடிதம் எழுதி நான் பார்த்ததில்லையே" என்றார்.